முதல் கிளாம்ப் எங்கே?

வயர் அறுந்தால் நம் ஆட்கள் முதலில் திட்டுவது வயரைத்தான். “சாமான் சரியில்ல” என்று சொன்னதோடு விசாரணை முடிந்துவிடும். அடுத்த முறை அதைவிடத் தடிப்பான வயர் வரும், முன்னதைவிட இறுக்கிக் கட்டுவார்கள், மேலே நாலு சுற்று டேப் ஓடும். தேயிலை ஸ்டோரில், அதாவது தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில், இதைப் பார்த்துத்தான் வளர்ந்தேன். விமானங்களைப் பராமரிக்கும் ஹேங்கரில் வேலைக்குச் சேர்ந்த பிறகும் இதே குணத்தைப் பார்க்கிறேன். அங்கே புத்தகம் இருக்கிறது, அளவு காட்டும் கருவி இருக்கிறது, சரிபார்த்துக் கையெழுத்துப் போட ஆளும் இருக்கிறார். இருந்தும் புதிதாக வரும் பையன் கேபிள் கட்டும்போது அவன் கை தானாகப் போவது இறுக்கத்தின் பக்கம்தான். இறுக்கினால் ஆடாது, ஆடாவிட்டால் அறாது என்ற நம்பிக்கை. இதில் ஏதோ இடிக்கிறது என்று பல வருடமாக எனக்குள் ஒரு முனகல் இருந்தது. போன விடுமுறையில் ஊருக்கு வந்தபோது ஒரு டீசல் ஜெனரேட்டர் அந்த முனகலை வெளியே இழுத்துப் போட்டது.

நான் இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டத்துக்காரன். வளைகுடா நாடொன்றில் விமானங்களின் மின்பகுதியில் வேலை. மலையகத்தில் இப்படி ஒரு வேலையைச் சொன்னால் பேச்சு எப்படியும் ஏழு கன்னியர் மலைக்குப் போய்விடும். 1974 டிசம்பர் 4ஆம் திகதி, இந்தோனேசியாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களோடு வந்த டிசி-8 விமானம் அந்த மலையில் மோதி 191 பேரும் இறந்த கதை எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. “உங்க வயருங்க கழண்டா அப்படித்தான் விழுமா?” என்று ஒரு பாட்டி கேட்டே விட்டார். அந்த விபத்துக்கும் வயருக்கும் சம்பந்தமில்லை. எங்கே பறக்கிறோம் என்பதை விமானிகள் தவறாகக் கணித்து, மலை இருக்கும் இடத்தில் உயரத்தைக் குறைத்துவிட்டார்கள். ஆனால் பாட்டியின் கேள்வியை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. 1996இல் நியூயோர்க்கிலிருந்து புறப்பட்ட டிடபிள்யூஏ 800 வானத்தில் வெடித்து 230 பேர் இறந்தார்கள். எரிபொருள் தொட்டிக்கு வெளியே வயர்களுக்கிடையில் ஏற்பட்ட ஷார்ட், எரிபொருள் அளவுகாட்டியின் வயர் வழியாகத் தொட்டிக்குள் போயிருக்கவே அதிக வாய்ப்பு என்று விசாரணை முடிவு சொன்னது. 1998இல் சுவிஸ்எயார் 111. அதில் கூரைக்கு மேலே ஓடிய வயரில் பொறி பறந்து, சுற்றியிருந்த காப்பு விரிப்பில் தீப் பிடித்தது. 229 பேர். அதற்கெல்லாம் பிறகுதான், 2007இல், அமெரிக்க விமானத்துறை வயரிங்கை ஒரு தனி அமைப்பாகவே கணக்கில் எடுத்துச் சட்டம் போட்டது. அதுவரை வயர் என்பது இரண்டு பெட்டிகளை இணைக்கும் சில்லறைச் சாமான்.

ஒரு கிராமின் எடை

விமானத்தில் அதிர்வு எங்கே மோசம் என்று கேட்டால் நான் ஜெனரேட்டரைக் காட்டுவேன். எஞ்சினின் கியர் பெட்டியோடு பூட்டப்பட்டு, எஞ்சினின் எல்லா உதறலையும் வாங்கிக்கொண்டு, தானும் சுழல்கிற சாமான் அது. ஏ320, புதிய தலைமுறை 737 போன்றவற்றில் எஞ்சினுக்கு ஒன்றாக 90 கேவிஏ ஜெனரேட்டர் (கேவிஏ என்பது மின்திறனின் அளவு). தேயிலை ஸ்டோரில் அதே 90 கேவிஏ வேண்டுமென்றால் கொங்கிரீட் மேடை போட வேண்டும், இறக்குவதற்கு ஆறேழு பேராவது வேண்டும். விமானத்தினுடையது 100 கிலோவுக்குள் அடங்கிவிடும். வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸுக்குப் பதிலாக 400 ஹெர்ட்ஸில் ஓடுவதால் இரும்பு குறைகிறது, எடை குறைகிறது. அதற்குக் கொடுக்கும் விலை வேகம். 2 துருவ ஜெனரேட்டர் என்றால் நிமிடத்துக்கு 24,000 சுற்று, அதாவது ஒரு நொடிக்கு 400. ஸ்டோரில் இருக்கும் டீசல் செட் 1,500 சுற்றுத்தான், நொடிக்கு 25.

இந்த 24,000ஐ நான் ஒருநாள் ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சுழலும் பகுதியில், அச்சிலிருந்து 5 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கிராம் செம்புக் கம்பி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் அது 30 கிலோவுக்கும் மேல் கனப்பதுபோல வெளிப்பக்கம் இழுக்கும். பிரஷ் இல்லாத ஜெனரேட்டர் என்பதால், முதன்மைச் சுருளுக்கு மின்சாரம் கொடுக்கும் சின்ன ஜெனரேட்டரான எக்சைட்டரின் சுழலும் சுருளிலிருந்து டையோடுகளுக்கும், அங்கிருந்து முதன்மைச் சுருளுக்கும் வயர் போக வேண்டும், அவ்வளவும் சுற்றிக்கொண்டே. அரிசி மூட்டை எடை தொங்கும் ஒரு துண்டுக் கம்பியை டேப் ஒட்டி நிறுத்த முடியாது. அதனால் அந்த வயர்களுக்கு அங்கே ஊஞ்சலாட இடமே கொடுப்பதில்லை. பள்ளம் வெட்டி உள்ளே படுக்க வைத்து, ரெசின் ஊற்றி, மேலே பட்டி சுற்றிப் பூட்டிவிடுவார்கள்.

சுழலாத பகுதியிலும் நிம்மதி இல்லை. இரும்புப் பள்ளங்களுக்கு வெளியே சுருள் வளைந்து திரும்பும் தலைப்பகுதி இருக்கிறதே, அங்கே பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளில் ஓடும் மின்னோட்டமே ஒன்றையொன்று இழுக்கும், தள்ளும். அந்த விசை மின்னோட்டத்தின் அலைவெண்ணைப் போல இரண்டு மடங்கில் வரும். 400 ஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 800 தடவை. கம்பி கொஞ்சம் தளர்வாக இருந்தாலும் பக்கத்துக் கம்பியோடு உரசி, மேலே பூசிய எனாமல் தேய்ந்து, சுற்றுக்குச் சுற்று ஷார்ட் ஆகும். ஆகவே கண்ணாடி நார்க் கயிற்றால் தலைப்பகுதியைக் கட்டி, வெற்றிடத்தில் வைத்து வார்னிஷை உறிஞ்ச விட்டு, சூளையில் சுட்டு, எல்லாவற்றையும் ஒரே உடம்பாக்கிவிடுகிறார்கள். இது வரைக்கும் “இறுக்கு” கட்சிக்காரர்கள் சொல்வது முழுக்கச் சரி.

சிக்கல் அந்த உடம்பிலிருந்து வயர் வெளியே வரும் இடத்தில் ஆரம்பிக்கிறது. பின்னால் கல் மாதிரி இறுகிய சுருள், முன்னால் வளையக்கூடிய வயர். இரண்டும் சந்திக்கும் அரை அங்குலத்தில்தான் எல்லா வளைவும் வந்து குவியும். செம்புக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எஃகுக்கு இருப்பதுபோல “இந்த அளவுக்குக் கீழே எத்தனை தடவை வளைத்தாலும் பரவாயில்லை” என்ற தெளிவான எல்லை செம்புக்குக் கிடையாது. சின்னச் சின்ன வளைவுகளையும் கணக்கு வைத்துக்கொண்டே போகும். வளைய வளைய இறுகும், இறுகியது வெடிக்கும். நல்ல ஜெனரேட்டரைத் திறந்து பார்த்தால் அந்த அரை அங்குலத்துக்கு எவ்வளவு மரியாதை செய்திருக்கிறார்கள் என்று தெரியும். வயர் வெளிவரும் இடத்தில் ஸ்லீவ், ஸ்லீவின் அடியில் சிலிக்கன் ரப்பரை மெல்லச் சரிவாக இழைத்திருப்பார்கள், அடுத்து ஜெனரேட்டர் உடம்பிலேயே ஒரு பிடி, பிறகு ஒரு சின்ன வளைவு, அதன் பிறகுதான் டெர்மினல். கல்லிலிருந்து கயிறுக்கு ஒரே எட்டில் தாவவிடாமல் படிப்படியாக இறக்கிவிடுகிற வேலை.

அம்மா கொழுந்து எடுத்த காலத்தில் கூடைக் கயிறு விளிம்பில் உரசும் இடத்தில் பழைய சீலைத் துண்டைச் சுற்றி வைப்பார். கயிறு நடுவில் அறுவதே இல்லை, விளிம்பில்தான் அறும் என்பது கூடை சுமந்த எல்லாருக்கும் தெரியும். வயரைப் பிடித்து நிறுத்தும், ரப்பர் உள்பூச்சுப் போட்ட விமானக் கிளாம்பை முதன்முதலில் கையில் வாங்கியபோது எனக்கு அந்தச் சீலைத் துண்டுதான் ஞாபகம் வந்தது.

கரண்ட் போன மாதங்கள்

என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு தோட்டத்து ஸ்டோரில் மின் வேலை பார்க்கிறார். ஸ்டோர் பெயர் வேண்டாம். தொழில்நுட்பக் கல்லூரியில் படித்தவர் கிடையாது. பழைய பாஸ் ஒருவருக்குப் பின்னால் ஸ்பேனர் தூக்கிக்கொண்டு போய்க் கற்றவர். அங்கே கரண்ட் கட்டுக்கு வைத்திருக்கும் டீசல் ஜெனரேட்டரில், மின்சாரம் உண்டாக்கும் பகுதியான ஆல்டர்னேட்டரிலிருந்து சுவரில் இருக்கும் பெனலுக்குப் போகும் கேபிள், அதன் முனையில் பூட்டும் உலோகக் காதான லக் பக்கத்தில் அறுந்துகொண்டே இருந்தது. ஜெனரேட்டர் நின்றால் வாடல் தொட்டிகளின் காற்றாடி நிற்கும், காற்று நின்றால் கொழுந்து சூடேறிச் சிவந்துவிடும். அன்றைய தேயிலை குப்பைதான். தேயிலைத் தயாரிப்புக்குப் பொறுப்பான டீமேக்கரின் கோபம் முழுக்க மாமா மேல் இறங்கும்.

“நீ பிளேன் வேல பாக்குற ஆளு. இத ஒருக்கா பாத்துச் சொல்லு மருமகன். வயரு சாமானே சரியில்ல இப்ப.”

கொடுத்த துண்டை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். செம்பை இழுத்து அறுத்தால் முனை மெலிந்து கூராக இருக்கும். இது வெட்டி வைத்தது மாதிரித் தட்டையாக முறிந்திருந்தது. சில இழைகளின் முனை ஒன்றோடொன்று உரசிப் பளபளத்தது, அதாவது அவை அறுந்து நாளாகிவிட்டது. மிச்சமிருந்த இழைகள் முழு மின்னோட்டத்தையும் சுமந்து சூடாகிக் கறுத்து, கடைசியில் போயிருக்கின்றன. சூடு இங்கே பின்னால் வந்த விளைவு. முதலில் அறுத்தது அதிர்வுதான். இதை மாமாவிடம் சொன்னபோது அவர் அசரவில்லை. “அதிர்வுன்னா தெனமும் அதிருதே. சில மாசம் ஒண்ணும் ஆகுறதில்ல. சில மாசம் அடிக்கடி போகுது. ஏன்?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் அவருடைய சீ.ஆர். கொப்பியில் இருந்தது. டீசல் கணக்குக்காக ஜெனரேட்டர் எப்போது போட்டார்கள், எப்போது நிறுத்தினார்கள் என்று எழுதி வைக்கும் கொப்பி. அதே வரிசையில், ஓரத்தில், “லக் மாத்தினது” என்று அவர் கையெழுத்து. இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்து பழைய பக்கங்களைப் புரட்டினோம். ஓடிய மணித்தியாலங்களோடு அறுந்த நாட்களை ஒப்பிட்டால் ஒன்றும் பொருந்தவில்லை. 2022இல் மார்ச் கடைசியில் நாடு முழுக்க ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததே, அந்த நாட்களில் டீசல் கிடைத்தபோது நீளமாக ஓடியிருக்கிறது, ஆனால் லக் மாற்றியதாகக் குறிப்பு இல்லை. மழைக் காலத்தில், மரம் விழுந்து லைன் பத்து நிமிடத்துக்கொரு தடவை போய்ப் போய் வரும் மாதங்களில்தான் “லக் மாத்தினது” மறுபடி மறுபடி வருகிறது. மாமாதான் முதலில் சொன்னார்: “ஓடுறப்ப அறுகல. போட்டுப் போட்டு நிப்பாட்டுறப்பத்தான் அறுகுது.”

அன்று சாயந்திரம் ஜெனரேட்டர் கொட்டகையில் என் போனில் ஸ்லோ மோஷனைப் போட்டுக் கேபிளைப் படம் பிடித்தோம். 1,500 சுற்றில் செட் ஓடும்போது கேபிள் மெல்லிய நடுக்கத்தோடு கிட்டத்தட்ட அசையாமல் இருந்தது. நிறுத்தும்போது வேகம் இறங்கி இறங்கி ஒரு கட்டத்துக்கு வந்ததும் எஞ்சினும் ஆல்டர்னேட்டரும் ரப்பர் கால்களின் மேல் பக்கவாட்டில் ஒரு ஆட்டம் ஆடின. சுவரோடு இறுக்கிக் கட்டியிருந்த கேபிள் அதற்கு இடம் கொடுக்கவில்லை, லக் பக்கத்தில் முழங்கை மடங்குவது மாதிரி மடங்கி மடங்கி நிமிர்ந்தது. மூன்று நான்கு நொடிதான். பிறகு எல்லாம் அமைதி. மாமா போனை வாங்கித் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தார்.

ஒத்ததிர்வு என்று படித்திருக்கிறேன். ஒவ்வொரு பொருளுக்கும் தான் ஆட விரும்பும் ஒரு வேகம் உண்டு, வெளி அதிர்வு அந்த வேகத்தைத் தொடும்போது சின்னத் தள்ளலுக்கும் பெரிய ஆட்டம் வரும். விமானக் கருவிகளைச் சோதிக்கும் டிஓ-160 என்ற தரநூலின் 8ஆம் பிரிவு முழுக்க அதிர்வுதான். கருவியை மேசையில் பூட்டி அலைவெண்ணை மெல்ல ஏற்றிக்கொண்டே போய் எங்கே துள்ளுகிறது என்று தேடுவார்கள். தேடுகிற காரணத்தை நான் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். ஒரு கேபிள் அப்படி மடங்குவதை என் கண்ணால் பார்த்தது அந்தக் கொட்டகையில்தான். விமான ஜெனரேட்டரின் அதிர்வு கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வேகமானது. டீசல் செட் மெதுவாக ஆடிக் காட்டியது.

இதற்குப் பிறகு என் முனகலுக்கு ஒரு வடிவம் வந்தது. கேபிளை இறுக்குவதா தளர்த்துவதா என்று நாங்கள் சண்டை பிடிப்பது வீண். லக் எதன் மேல் உட்கார்ந்திருக்கிறதோ அதே உடம்பின் மேல் முதல் கிளாம்ப் விழ வேண்டும். ஆல்டர்னேட்டர் ஆடினால் லக்கும் ஆடும், கிளாம்பும் ஆடும், இரண்டுக்கும் நடுவில் உள்ள துண்டும் சேர்ந்தே ஆடும், எதுவும் மடங்காது. அதைத் தாண்டி ஒரு வளைவு தாராளமாக விட்டு, அப்புறம் சுவரில் அடுத்த கிளாம்ப். ஆட்டம் முழுவதையும் அந்த வளைவு வாங்கிக்கொள்ளும். மாமாவின் செட்டில் முதல் கிளாம்ப் சுவரில் இருந்தது. ஹேங்கரில் நான் தினமும் பார்க்கிற ஜெனரேட்டர்களில் இது சரியாகத்தான் இருக்கிறது. சரியாக இருப்பதாலேயே ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை.

கையேட்டு அளவுகளும் இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் வேறு மாதிரித் தெரிகின்றன. அமெரிக்க விமானத்துறையின் 43.13 கையேடு, வயர்க் கட்டுக்கு 24 அங்குலத்துக்கு மேல் பிடியில்லாமல் விடாதே என்கிறது. நடுவில் கையால் லேசாக அழுத்தினால் அரை அங்குலம் இறங்கலாம் என்றும் சொல்கிறது. இறங்கவே கூடாது என்று சொல்லவில்லை. இரண்டு பிடிகளுக்கு நடுவிலுள்ள தூரத்தைப் பாதியாக்கினால், விறைப்பான கேபிள் ஆட விரும்பும் வேகம் ஏறக்குறைய நாலு மடங்கு ஏறிவிடும், எஞ்சினின் அதிர்வுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். ஆட்டத்தை அடக்க வேண்டுமென்றால் கிளாம்பைப் பக்கத்தில் கொண்டுவர வேண்டும், நசுக்கி இறுக்கிப் பயனில்லை. அதிர்வு கடுமையான இடத்தில் பிளாஸ்டிக் டை போடாதே என்பதும் அந்தக் கையேட்டில் உண்டு. எனக்குப் பிளாஸ்டிக் டை மேல் சொந்தக் கோபமும் இருக்கிறது. வெட்டிய வாலின் கூர் கையைக் கிழிக்கும், வெக்கைக்கு மொறுமொறுவென்று உடைந்து விழும். நூல் கட்டுப் போடப் பழகினால் டையின் பக்கமே போகத் தோன்றாது.

தடிப்பும் ஈயமும்

மாமா வழிக்கு வந்துவிட்டார் என்று நினைக்காதீர்கள். கிளாம்ப் விஷயத்தை அடுத்த நாளே மாற்றினார். ஆல்டர்னேட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு இரும்புப் பட்டி வளைத்துப் பூட்டி, பழைய டியூப் ரப்பரைச் சுற்றி, கேபிளைப் பிடித்தார். தடிப்பான கேபிள் என்ற ஆசையையும் ஓரளவுக்கு விட்டுவிட்டார். ஒரே வளைவுக்குத் தடிப்பான கம்பியின் வெளித்தோல் அதிகமாக இழுபடும், மெல்லிய இழை குறைவாக இழுபடும் என்று ஈர்க்குச்சியையும் விறகுக் குச்சியையும் வளைத்துக் காட்டியதும் புரிந்துகொண்டார். விமானத்தில் 20 கேஜ் என்ற மெல்லிய வயருக்குள்ளேயே 19 இழை இருக்கும். டீசல் செட்டுக்கும் கடையில் நுண்ணிழைக் கேபிள், அதாவது ஐஇசி 60228 தரத்தில் 5ஆம் வகுப்பு, கேட்டு வாங்கலாம்.

ஈயத்தில்தான் பிடிவாதம். லக்கை அடித்து நசுக்கிய பிறகு மேலே ஈயத்தை உருக்கி ஊற்றுவது அவர் வழக்கம். ஈயம் இழைகளுக்கு நடுவால் உறை உள்ளே வரை ஏறி, அத்தனை இழையையும் ஒற்றைக் கம்பியாக்கிவிடுகிறது. ஈயம் ஏறி நின்ற கோடு இருக்கிறதே, அந்தக் கோட்டில்தான் அவருடைய கேபிள்கள் எல்லாம் முறிந்திருந்தன. அறுந்த துண்டுகளின் உறையைக் கீறி அந்தக் கோட்டைக் காட்டினேன். பார்த்தார், தலையாட்டினார், ஒப்புக்கொள்ளவில்லை.

“நீ சொல்றது சரிதான். ஒங்க எடத்துல மிசினு வச்சு அழுத்துறீங்க. எனக்கு என்னா இருக்கு? சுத்தியலும் உளியும். சுத்தியல்ல அடிச்ச லக்குக்குள்ள எடைவெளி இருக்கும். இங்க வருசத்துல பாதி நாளு மூடுபனி. அந்த எடைவெளிக்குள்ள ஈரமும் தேயிலத் தூளும் போயி பச்ச புடிச்சு சூடாகும். ஈயம் வச்சா ஈரம் போவாது. நான் சும்மாவா வச்சேன்?”

சும்மா வைக்கவில்லை. அதை நான் யோசித்திருக்கவில்லை. சரியான அழுத்தத்தில் கிரிம்ப் செய்த, அதாவது கருவியால் நசுக்கிப் பூட்டிய, லக்கில் இழைகளும் லக்கின் சுவரும் இடைவெளியில்லாமல் ஒன்றாகிவிடும், காற்றே புகாது, ஈயம் தேவையில்லை. சுத்தியல் அடியில் அது வராது. அந்தக் குறையை அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் அவர் மூடியிருக்கிறார். மூடியது வேறொரு இடத்தில் முறிந்தது. ஹேங்கரில் கிரிம்ப் கருவிகளைத் தவணை தவறாமல் அளவு பார்த்துச் சீட்டு ஒட்டி வைப்பார்கள், சீட்டுத் திகதி முடிந்த கருவியைத் தொட மாட்டோம். அந்தச் சீட்டை ஒரு சடங்காகவே நினைத்திருந்தேன். ஈயம் வேண்டாம் என்று எங்களால் தைரியமாகச் சொல்ல முடிவதே அந்தக் கருவியின் பலத்தில்தான்.

அதனால் நான் ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பு ஸ்டோர் ஆபிசுக்கு மாமா பெயரில் எழுதிய கடிதத்தில் கேபிள் கேட்கவில்லை. கையால் இயக்கும் ஹைட்ரோலிக் கிரிம்பர் ஒன்று, அதற்குரிய அச்சுகள், உள்ளே பசை உள்ள, சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் கொஞ்சம் என்று எழுதினோம். பசை உருகி ஈரத்தை அடைக்கும், ஈயத்தைப் போல இழைகளுக்குள் ஏறி விறைக்காது. போன வாரம் மாமா போனில் பேசினார். கிளாம்ப் மாற்றிய பிறகு லக் இன்னும் போகவில்லையாம், மழை இனிமேல்தான் என்பதையும் அவரே சொன்னார். கிரிம்பருக்கு விலை கேட்டு மூன்று கடையில் சீட்டு வாங்கி வரச் சொல்லியிருக்கிறதாம் ஆபிஸ். அட்டனில் ஒரு கடையில்தான் அந்தச் சாமான் இருக்கிறது, மற்ற இரண்டு சீட்டுக்கு எங்கே போவது என்று கேட்கிறார்.